வளைவும் மென்மையுமான உடம்புக்கு எப்படி உடுத்துறது? நம்ம மலைக் குளிரையும் மனசுல வச்சு சொல்லுங்க

பனித்துளி_தலவாக்கலை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டுமே இருந்தேன். முதல் தடவையா ஒரு இழை தொடங்குறேன்.

எனக்கு 27 வயசு. தலவாக்கலைக்கு மேல ஒரு தோட்டப் பாடசாலையில படிப்பிக்கிறேன். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். மார்பும் இடுப்பும் அகலம், நடுவுல இடை நல்லா ஒடுங்கி இருக்கும். தோள் சரிவு. கை மேல்பகுதி மெத்துன்னு இருக்கும். முகமும் உருண்டை.

பதினாலு வயசுல இருந்து எனக்குக் கிடைச்ச ஒரே புத்திமதி, "லூசா போடு, மறைச்சுப் போடு". அதைத்தான் செஞ்சேன். ரெண்டு சைஸ் பெரிய சுடிதார், கஞ்சி போட்ட காட்டன் சாரி, அதுக்கு மேல இடுப்பு வரைக்கும் இறங்குற தடிச்ச ஸ்வெட்டர். போன மாசம் பாடசாலை விழாவுல எடுத்த குழுப்படத்தைப் பார்த்தேன். அதுல நான் ஒரு மூட்டை மாதிரி நிக்கிறேன். என் உடம்பு அப்படி இல்லைன்னு எனக்குத் தெரியும். குளிச்சிட்டு ஈரப் பாவாடையோட கண்ணாடி முன்னால நிக்கும்போது என் உருவம் எனக்குப் பிடிக்கும். உடுத்தின பிறகுதான் பிடிக்காம போகுது.

ஜாக்கெட்டும் பிரச்சினை. கரும்பலகையில எழுதக் கையைத் தூக்கினா மொத்த ஜாக்கெட்டும் மேல ஏறுது. முன்பக்கம் கட்டையா நிக்குது. அதை மறைக்கவே வெயிலடிக்கிற மத்தியானத்துலயும் ஸ்வெட்டரைக் கழட்டுறதில்ல.

இளைக்கிறதுக்கு வழி கேக்கல, தயவுசெய்து அதைச் சொல்லாதீங்க. இந்த உடம்புக்கு எது அழகா இருக்கும்னு மட்டும் சொல்லுங்க.

லிந்துலை_மேகம்:

தங்கச்சி, கறுப்பு, நாவல் கலர், கடும் பச்சை மாதிரி இருண்ட நிறமா போடுங்க. நெடுக்குக் கோடு போட்ட துணி எடுங்க. பெரிய பூ வேணாம். முந்தானையை விரிச்சு விட்டு முன்பக்கத்தை மூடிக்கோங்க. நானும் உங்களை மாதிரிதான், இருபது வருஷமா இப்படித்தான் சமாளிக்கிறேன்.

ஊசிநூல்_ஹட்டன்:

தங்கச்சி, உங்க பதிவை ரெண்டு தடவை வாசிச்சேன். நான் கார்மெண்ட்ல ஒன்பது வருஷம் சாம்பிள் ரூம்ல இருந்து, பிறகு ஹட்டன்ல சொந்தமா தைக்கிறவ. மேகம் அக்கா சொன்னதுல தப்பில்ல, ஆனா நிறம் மூணாவது நாலாவது விஷயம். முதல் விஷயம் துணி எப்படி விழுதுங்கிறது.

விறைப்பான துணி உடம்போட வளைவுல போகாது. உடம்புல எது வெளிய நிக்குதோ அந்த இடத்துல தொட்டு, அங்க இருந்து நேரா கீழ இறங்கும். உங்களுக்கு மார்புல தொட்டு அப்படியே இடுப்புக்குப் போயிரும். நடுவுல இருக்கிற ஒடுங்கின இடை கூடாரத்துக்குள்ள மறைஞ்சிரும். பார்க்கிறவங்க கண்ணு மார்போட அகலத்தை இடைக்கும் சேர்த்து எடுத்துக்கும். அதான் படத்துல மூட்டை. லூசாப் போட்டாலும் இதே கதைதான். ஒல்லியா, நேரா இருக்கிற பிள்ளைக்கு விறைப்பான துணி எடுப்பா இருக்கும். மெத்துன்னு வளைஞ்ச உடம்புக்கு மெத்துன்னு வளையிற துணிதான் வேணும்.

கடையில இப்படிப் பாருங்க: துணியோட ஒரு முனையை மூடின கை முஷ்டி மேல போட்டு விடுங்க. முஷ்டியைச் சுத்தி அலையலையா படிஞ்சு விழுந்தா எடுங்க. குடை மாதிரி விரிஞ்சு நின்னா வச்சிருங்க. ஜோர்ஜெட், கிரேப், ரெயோன், மெல்லிய மல் காட்டன், மென்பட்டு எல்லாம் விழும். ஓர்கன்சா, கஞ்சி போட்ட காட்டன், டிஷ்யூ எல்லாம் நிக்கும்.

அடுத்தது உள்ளாடை. வெட்கப்படாம சொல்றேன், இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. பிராவோட பாரத்தைத் தாங்க வேண்டியது தோள்பட்டை வார் இல்ல, நெஞ்சைச் சுத்தி வர்ற பட்டி. மார்புக்குக் கீழ ஒரு அளவு, மார்போட நிறைஞ்ச இடத்துல ஒரு அளவு எடுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப். ஒரு அங்குலம் வித்தியாசம்னா ஏ, ரெண்டு பி, மூணு சி, நாலு டி, ஏறக்குறைய இப்படி. நம்ம டவுன்ல டி கப் தேடினாக் கிடைக்கிறது கஷ்டம், அதனால கடைக்காரங்க பட்டியைப் பெருசாக்கித் தந்துர்றாங்க. 34 டி போட வேண்டியவ 38 பி போட்டுட்டுத் திரியிறா. பட்டி முதுகுல மேல ஏறும், மார்பு இறங்கும். மார்பு இறங்கினா மார்புக்கும் இடைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி குறையும், இடை இருக்கிறதே தெரியாது. சரியான பிரா போட்டு நிமிர்ந்து நின்ன உடனே ரெண்டு அங்குலம் உயர்ந்த மாதிரி இருக்குன்னு என்கிட்ட எத்தனையோ பேர் சொல்லியிருக்காங்க. ஜாக்கெட் அளவு எடுக்க வரும்போதும் அதையே போட்டுட்டு வரணும். பழசைப் போட்டு அளவு குடுத்து, புதுசைப் போட்டுக் கட்டினா டார்ட் (துணியை ஒடுக்கக் கூம்பாப் பிடிக்கிற மடிப்புத் தையல்) முனை தப்பான இடத்துல நிக்கும்.

இப்ப ஜாக்கெட். முன்பக்கம் கட்டையா நிக்குதுன்னீங்க. துணி மார்பு மேல ஏறி இறங்கிப் போக வேண்டிய தூரம் அதிகம், அதுக்கு நீளம் விடல. முதுகு நீளமும் முன் நீளமும் ஒண்ணா வெட்டினா நிறைஞ்ச மார்புக்கு முன்பக்கம் தூக்கத்தான் செய்யும். முன்னால ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் கூட விட்டு, அந்த மிச்சத்தை டார்ட்டுல ஆழமா பிடிக்கணும். பிரின்சஸ் கட் உங்களுக்கு இன்னும் நல்லது. தோள்ல இருந்து மார்பு முனை வழியா இடைக்கு ஒரே வளைஞ்ச தையல், அது உங்க உருவத்தை அப்படியே வரைஞ்சு காட்டும்.

கை தூக்கினா ஜாக்கெட் ஏறுற விஷயம் இருக்கே, அதுல நம்ம தையல்காரங்க நிறைய பேர் தலைகீழா செய்றாங்க. கை இறுக்குதுன்னு சொன்னா அக்குளைக் கீழ இறக்கி வெட்டிருவாங்க. அக்குள் இறங்க இறங்க, கை தூக்கும்போது பக்கத் தையலையே சேர்த்துத் தூக்கிரும். அக்குளை மேல ஏத்தி, கையோட சுற்றளவை மட்டும் அகலமாக்கணும். அக்குள் உடம்போட ஒட்டி இருந்தாத்தான் கை தனியா அசையும். பஸ்ல கம்பியைப் பிடிச்சாலும் இடுப்பு தெரியாது.

கை நீளம் எந்த இடத்துலயும் முடியலாம், கையோட பருத்த இடத்துல மட்டும் முடியக் கூடாது. முழங்கைக்கு ஒரு அங்குலம் மேல முடிச்சுப் பாருங்க. கழுத்து அகல வட்டமா, இல்ல மெல்லிய வி வடிவமா இருக்கட்டும். கழுத்தை ஒட்டி மூடினா மார்பு ஒரே பலகையா தெரியும்.

பனித்துளி_தலவாக்கலை:

அக்கா, இதை வாசிச்சு அழுதுட்டேன். பதிமூணு வருஷமா தப்பு என் உடம்புலன்னு நெனச்சிட்டிருந்தேன்.

ஒரு கேள்வி. காலையில ஏழு மணிக்கு ரோட்டுல இறங்கி இருநூறு படி ஏறணும். பனி மூடி இருக்கும். ஸ்வெட்டர் இல்லாம முடியாது. ஸ்வெட்டரைப் போட்ட உடனே நீங்க சொன்ன எல்லாம் மறைஞ்சிருமே?

நானுஓயாக்காரி:

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில சில காலையில புல் மேல உறைபனி வெள்ளையா கிடக்கும். கொழும்புல இருந்து எழுதுற அழகுக் குறிப்பு எதுலயும் ஸ்வெட்டர் வராது. நமக்கு வருஷத்துல பாதி நாள் ஸ்வெட்டர்தான் வெளித்தோற்றமே.

பெரிய பிழை, ஸ்வெட்டர் முடியிற இடம். நம்ம ஸ்வெட்டர் எல்லாம் அடியில இறுக்கமான பட்டியோட இடுப்போட அகலமான இடத்துல போய் உக்காரும். மேல இருக்கிற கம்பளி அந்தப் பட்டிக்கு மேல பொங்கி நிக்கும். இடை ஒடுங்கின பிள்ளைக்கு இதைவிட அநியாயம் இல்ல. இடையோட முடியிற குட்டை கார்டிகன் தேடுங்க. வி கழுத்து, மெல்லிய பின்னல், இடைக்கு நேரா ஒரே ஒரு பொத்தானை மட்டும் போடுங்க, மேலயும் கீழயும் திறந்து விடுங்க. நுவரெலியா பேல் பஜார்ல குவியல் குவியலா கிடக்கும், பொறுமையா கிளறினா மெல்லிய பின்னல் ஒண்ணு ரெண்டு கண்டிப்பா அகப்படும். கயிறு கயிறா முறுக்குப் பின்னல் போட்டதை எடுக்காதீங்க, அது கம்பளியோட தடிப்பையும் உங்க மேல ஏத்தும். நீளமா இருந்தாலும் பரவாயில்ல, ஊசிநூல் அக்கா மாதிரி ஒருத்தர்கிட்ட குடுத்தா இடை வரைக்கும் வெட்டி ஓரம் அடிச்சுத் தருவாங்க.

நான் செய்றது வேற. மெல்லிய முழுக்கை பின்னல் மேல்சட்டையையே ஜாக்கெட்டுக்குப் பதிலா போட்டு அதுக்கு மேல சாரி கட்டிருவேன். முந்தானை மேல வர்றதால சாரியோட சாய்கோடு மறையாது. வலது இடையில இருந்து இடது தோளுக்கு ஏறுற அந்தச் சாய்கோடுதான் சாரியோட அழகே. ஸ்வெட்டரை மேல போட்டு அதையே மூடிர்றோம்.

இன்னொண்ணு சொல்லணும். எங்க அம்மாயி கொழுந்து எடுக்கப் போகும்போது பார்த்திருக்கேன். கம்பளியைத் தலைக்கு மேல போட்டு, இடுப்புல படங்கை, அதான் தடிச்ச சாக்குத் துணியை, இழுத்துக் கட்டி, முடிச்சு போட்டு நிமிருவாங்க. நல்ல உடம்பு அவங்களுக்கு. படங்கு கட்டின இடத்துல இடை தெரியும், அதுக்குக் கீழ சாரி மடிப்பு விழும். மலையில நிக்கும்போது சிலை மாதிரி இருப்பாங்க. வேலைக்குக் கட்டினதுதான், ஆனா இடையைக் கட்டணுங்கிறது நம்ம பொம்பளைங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு.

ஓய்வுபெற்ற_ஆசிரியை_பதுளை:

அன்பு மகளுக்கு. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊவாவின் பாடசாலைகளில் கற்பித்தவள் நான். இங்கே எழுதியவர்களின் அக்கறை புரிகிறது. ஆனாலும் சிலவற்றில் எனக்கு உடன்பாடில்லை.

கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்கு ஒரு மிடுக்கு உண்டு. வகுப்பறையில் நுழைந்தவுடன் அந்தச் சரசரப்பிலேயே பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். ஜோர்ஜெட் உடலோடு ஒட்டும். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் அடிக்கிற கச்சான் காற்றில் நிற்காது. உங்கள் பக்கத்தில் அதே மாதங்களில் தென்மேல் பருவமழை. நனைந்த ஜோர்ஜெட் சேலையுடன் உயர்தர வகுப்பு மாணவர்கள் முன்னால் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று நான் அனுபவித்திருக்கிறேன். அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள் முழுவதும் சேலையை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை ஓர் ஆசிரியைக்கு வரக்கூடாது.

ஊசிநூல்_ஹட்டன்:

டீச்சர், நீங்க சொன்னது ரொம்பச் சரி. மழையை நான் மறந்தே போனேன். வட்டவளை, நோர்வூட் பக்கம் இருக்கிறவங்களுக்கு மே மாசக் கடைசியில இருந்து வானம் கிழிஞ்ச மாதிரி. ஜோர்ஜெட் நனைஞ்சா ஒட்டத்தான் செய்யும், மெல்லிசா இருந்தா உள்ள இருக்கிறதும் தெரியும்.

அதனால பாடசாலைக்கு இப்படி மாத்திக்கலாம். காட்டனையே கட்டுங்க, கஞ்சியை மட்டும் விடுங்க. புது கைத்தறி சாரியை அஞ்சாறு தடவை துவைச்ச பிறகு எடுத்துப் பாருங்க, துணி தளர்ந்து நல்லா விழும். பட்டும் பருத்தியும் கலந்த துணி இன்னும் நல்லது, டீச்சர் சொல்ற மிடுக்கும் இருக்கும், உடம்போடவும் போகும். கிரேப், ஜோர்ஜெட்டை விட கொஞ்சம் பாரம், காத்துல பறக்காது. அதை விசேஷத்துக்கும் மழையில்லாத மாசத்துக்கும் வச்சிருங்க.

மிடுக்கு பத்தி மட்டும் ஒரு வார்த்தை, கோவிக்காதீங்க டீச்சர். மறைச்சாத்தான் மதிப்புன்னு வளர்ந்த பிள்ளைங்க முதுகைக் கூனிக்கிட்டு நிக்கிறதை நான் தினமும் அளவு நாடாவோட பார்க்கிறேன். மார்பை ஒளிக்கத் தோளை முன்னால மடிச்சு மடிச்சு, இருபத்தஞ்சு வயசுலயே முதுகு வளைஞ்சிருது. நல்லா பொருந்துற ஜாக்கெட் எதையும் காட்டாது, கழுத்தும் கையும் எவ்வளவு வேணும்னாலும் மூடலாம். பொருந்துறது வேற, இறுக்குறது வேற.

ஓய்வுபெற்ற_ஆசிரியை_பதுளை:

கோபமில்லை மகள். கூனி நிற்கும் பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் இதுவாக இருக்கும் என்று யோசித்ததில்லை.

கண்டி_மருமகள்:

நான் பிறந்தது கொட்டகலை, கட்டிக் குடுத்தது கண்டியில. எங்க பக்கத்து வீட்டு சிங்கள அக்காமார் ஒசரி, அதான் கண்டிச் சாரி, கட்டுறதைப் பார்த்துப் பழகினேன். அதுல இடுப்பைச் சுத்தி ஒரு மடிப்புத் தொங்கல் வரும். பார்க்க நல்லா இருக்கும், ஆனா எனக்கு இடுப்பு ஏற்கெனவே அகலம், அந்தத் தொங்கல் நிறைய வச்சப்ப இன்னும் அகலமாச்சு. தொங்கலை ஒரு விரல் நீளத்துக்குக் குறைச்சு, முன்னால பரத்தாம பக்கமா ஒதுக்கினப்ப இடை அவ்வளவு சின்னதா தெரிஞ்சுது. ஒசரியில முந்தானை குறுகலா மடிச்சுத் தோள்ல நேரா போறதால மார்புப் பக்கம் துணி குவியாது. நம்ம கட்டுலயும் அந்த ஒரு பாடத்தை எடுத்துக்கலாம். முந்தானையை விரிச்சு விட்டு மூடுங்கன்னு மேல ஒரு அக்கா சொன்னாங்க. விரிச்சா துணி மார்பு மேல இருந்து கூடாரமாத்தான் தொங்கும். நாலஞ்சு மடிப்பா சின்னதா மடிச்சுத் தோள்ல குத்திப் பாருங்க.

தாதி_பொகவந்தலாவை:

சாரியைப் பத்திப் பேசுறோம், உள்பாவாடையைப் பத்தி யாரும் பேசல. நாடாவை இறுக்கிக் கட்டி, இடையில கறுத்து, தோல் தடிச்சுப் போய் வர்ற அம்மாமார் எத்தனை பேரைப் பார்க்கிறேன். மெத்துன்னு இருக்கிற உடம்புல நாடா இன்னும் ஆழமா பதியும். 2024ல இந்திய மருத்துவர்கள் ரெண்டு பெண்களைப் பத்தி ஒரு மருத்துவ இதழ்ல எழுதினாங்க. பல வருஷம் இடுப்புல இறுக்கிக் கட்டினதால உரசி உரசி ஆறாத புண்ணாகி, அதுவே தோல் புற்றுநோயா மாறினது. ரொம்ப அரிதா நடக்கிறது, பயப்பட வேணாம். ஆனா ஆறாத புண் இருந்தா ஒளிக்காம வந்து காட்டுங்க.

நாடாவுக்குப் பதிலா ரெண்டு அங்குல அகலத்துக்குப் பட்டி வச்சு, பக்கத்துல கொக்கி போட்டுத் தைச்சுக்கோங்க. பாரம் பரவலா தாங்கும், தோலும் தப்பிக்கும், சாரிக்கு மேல சதை பிதுங்கித் தெரியவும் செய்யாது. இப்ப மீன் வால் மாதிரி இறுக்கிப் பிடிக்கிற பாவாடை விக்கிறாங்க. மண்டபத்துல நிக்க நல்லா இருக்கும். அதைப் போட்டுட்டு நம்ம லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) படியில ஏறாதீங்க, முழங்கால் விரியாது, வழுக்கினா காலை ஊன்ற முடியாது.

ஊசிநூல்_ஹட்டன்:

தாதி அக்கா சொன்னதோட சேர்த்து: பாவாடையை ஆறு துண்டா வெட்டித் தைக்கச் சொல்லுங்க. மேல ஒடுங்கி கீழ விரியும், இடையில சுருக்கம் வராது. நேரா ரெண்டு துண்டு வச்சு நாடாவுல சுருக்கினா இடையைச் சுத்தி ஒரு வளையம் துணி குவியும். இடை சின்னதா இருக்கிற பிள்ளைக்குத்தான் அதிகம் குவியும்.

கொழுந்துக்காரி_மகள்:

எல்லாம் நல்லா இருக்கு அக்காமாரே. ஆனா தைக்கக் குடுக்கிற காசு எல்லாருக்கும் இருக்காது. எங்க வீட்டுல தீவாளி அட்வான்ஸ் வந்தாத்தான் புதுத்துணி. லயத்துக்கு மூட்டையோட வர்ற அண்ணன்கிட்ட மாசக் கடனுக்கு எடுப்போம். அவர்கிட்ட எல்லாமே ஃப்ரீ சைஸ்னு இருக்கும். எனக்கு மார்புக்குச் சரியா இருந்தா இடையில ரெண்டு பேர் நுழையலாம். இடைக்குச் சரியா இருந்தா பட்டன் பிரிஞ்சு நிக்கும். ஊசியும் நூலும் மட்டும் வச்சு வீட்டுலயே ஏதாச்சும் செய்ய முடியுமா?

ஊசிநூல்_ஹட்டன்:

முடியும் புள்ள, நல்லாவே முடியும். இதை எல்லாரும் வச்சுக்கோங்க: ரெடிமேட் வாங்கும்போது உங்க உடம்போட அகலமான இடத்துக்குச் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. மார்பு பெருசுன்னா மார்புக்கு, சீட், அதாவது பின்பக்கம், பெருசுன்னா சீட்டுக்கு. மத்த இடத்தை ஒடுக்கிரலாம். ஒடுக்கிறது லேசு, இல்லாத துணியை எங்க இருந்து கொண்டு வர்றது?

சுடிதார் மேல்சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கோங்க. ஒரு தங்கச்சியைப் பின்னால நிக்கச் சொல்லி, முதுகுல முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் மூணு அங்குலம் தள்ளி, இடைக்கு நேரா துணியைக் கிள்ளி ஊக்கு குத்தச் சொல்லுங்க. ஒரு பக்கத்துக்கு அரை அங்குல மடிப்புப் போதும், பிரிச்சா ஒரு அங்குலம் குறைஞ்சிரும். இடையில அதிகமா இருந்து, மேலயும் கீழயும் கூம்பி ஒண்ணுமில்லாம முடியணும். மீன் வடிவம்னு நெனச்சுக்கோங்க. அதுதான் டார்ட். கைத்தையலே தாங்கும். மூச்சை நல்லா இழுத்துப் பாருங்க, உக்காந்து பாருங்க, பிறகுதான் தைக்கணும். பக்கத் தையலை மட்டும் வளைச்சுப் பிடிச்சாலும் ஒடுங்கும், ஆனா முதுகு டார்ட் மாதிரி அழகா வராது.

பட்டன் பிரியிற சட்டைக்கு, மார்புக்கு நேரா ரெண்டு பட்டனுக்கு நடுவுல உள்பக்கமா ஒரு சின்ன அழுத்துப் பட்டன் வச்சுத் தைங்க. பக்க வெட்டு சீட்டுல இழுத்துட்டு நின்னா, வெட்டை ரெண்டு அங்குலம் மேல ஏத்திப் பிரிச்சு விடுங்க. இழுவை நின்னா மேல்சட்டை இடையில சுருண்டு ஏறாது.

கொழுந்துக்காரி_மகள்:

நேத்து ராத்திரி விளக்கடியில செஞ்சேன் அக்கா. முதல் தடவை ரெண்டு டார்ட்டும் கோணலா வந்துச்சு, பிரிச்சுத் திரும்பத் தைச்சேன். எங்க அக்கா பார்த்துட்டு புதுசு எடுத்தியான்னு கேட்டா.

பனித்துளி_தலவாக்கலை:

எனக்கும் ஒரு உதவி வேணும். அடுத்த மாசம் ஹட்டன்ல மாமா மகளோட கல்யாணம். அம்மா எனக்காகக் காஞ்சிபுரம் பட்டு ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க. மெரூன் நிறம், அரை முழத்துக்குப் பெரிய ஜரிகைக் கரை. அம்மா கொழுந்து எடுத்த காசுல வாங்கினது, அதைத்தான் கட்டணும்னு எனக்கு ஆசை. ஆனா விறைப்பா நிக்குதே?

ஊசிநூல்_ஹட்டன்:

அதைத்தான் கட்டணும். அம்மா வாங்கின பட்டை வச்சிட்டு வேற எதையும் கட்டாதீங்க. விறைப்பை எப்படிப் பழக்குறதுன்னு பார்ப்போம்.

கல்யாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னாலயே மடிப்புகளை எடுத்து, மேல ஒரு பருத்தித் துணி போட்டு மெல்லிய சூட்டுல அயன் பண்ணி, ஊக்கு குத்தி வச்சிருங்க. பட்டு மடிப்பை ஞாபகம் வச்சுக்கும். கொசுவம் எட்டு ஒன்பது வேணாம், அஞ்சு ஆறு போதும், ஆனா ஆழமா எடுங்க. தொப்புளுக்கு நேரா வைக்காம கொஞ்சம் இடது பக்கம் தள்ளிச் செருகுங்க, வயித்துக்கு முன்னால துணி குவியாது. சாரியை இடையோட ஒடுங்கின இடத்துல கட்டுங்க. கீழ இறக்கிச் சீட்டுல கட்டினா கால் குட்டையா தெரியும், உங்க உயரத்துக்கு அது ஆகாது.

பெரிய கரை உங்களைக் குறுக்கா வெட்டும்னு பயப்படுறீங்க. முந்தானை மடிப்பை எடுக்கும்போது கரை மேல வர்ற மாதிரி எடுங்க. அப்ப அந்த ஜரிகை நெஞ்சுல சாய்கோடா ஓடும். கண்ணு அந்தக் கோட்டோட இடையில இருந்து தோளுக்குப் போயிரும். ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய ஒட்டியாணமோ, அதே நிற நாடாவோ இடையில கட்டினா விறைப்பு அடங்கிப் போகும். அகலமான ஒட்டியாணம் வேணாம், மார்புக்கும் சீட்டுக்கும் நடுவுல உங்களுக்கு இருக்கிற இடமே கொஞ்சம், அதை முழுசா மூடிரும்.

ஜாக்கெட்டை நான் கிராஸ்ல வெட்டித் தர்றேன். கழுத்துக்கு நாம வைக்கிற கிராஸ் பட்டி எப்படி வளைஞ்சு குடுக்குது, அதே மாதிரி முழுத் துணியையும் நூலோட்டத்துக்கு 45 பாகை சாய்ச்சு வெட்டுறது. விறைப்பான துணியும் அந்தச் சாய்வுல இளகி உடம்போட போகும். 1920கள்ல பாரிஸ்ல மதலேன் வியோனேன்னு ஒரு அம்மா முழு கவுனையே இப்படி வெட்டித்தான் பேர் எடுத்தாங்க. கார்மெண்ட்ல எங்களுக்குப் பயிற்சி குடுத்தவங்க அவங்க பேரைச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. துணி கூடச் செலவாகும், சாரியோட வர்ற ஜாக்கெட் துண்டு காணாது. அதே நிறத்துல பட்டுத் துணி ஒரு மீற்றர் தனியா எடுத்துட்டு வாங்க.

லிந்துலை_மேகம்:

நான்தான் முதல்ல இருண்ட நிறம், முந்தானையை விரிங்கன்னு எழுதினேன். இந்த இழையை முழுசா வாசிச்சிட்டு, நேத்து அலுமாரியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் கறுப்பும் கடும் நீலமும்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச கனகாம்பர நிறத்தை நான் கட்டி எத்தனை வருஷமாச்சு. அந்த நிறத்துல ஒரு மென்பட்டு இருக்கு, தங்கச்சி சீர் குடுத்தது, மடிப்புக் கலையாம இருக்கு. இந்தத் தைப்பொங்கலுக்கு அதைக் கட்டப் போறேன். முந்தானையை நாலு மடிப்பா குத்தி.

பனித்துளி_தலவாக்கலை:

கல்யாணம் முடிஞ்சுது. நேத்து ராத்திரிதான் வீட்டுக்கு வந்தோம். எழுதாம தூங்க மனசு வரல.

ஊசிநூல் அக்கா கடைக்கு ரெண்டு தடவை போனேன். முதல் நாள் அளவு எடுக்கும்போது அவங்க என் மார்பு முனைக்குத் தோள்ல இருந்து தனியா ஒரு அளவு, ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு அளவு எடுத்தாங்க. இதுவரைக்கும் தைச்ச யாரும் அந்த அளவை எடுத்ததே இல்ல. ரெண்டாவது நாள் சாதா துணியில தைச்ச மாதிரியைப் போட்டுப் பார்த்து, ஊக்கு குத்தித் திருத்தினாங்க.

கல்யாணத்தன்னைக்கு ஜாக்கெட்டைப் போட்டு கையை நேரா மேல தூக்கினேன். ஒரு நூல் கூட ஏறல. மணவறைக்குப் பூ கட்ட ஏணியில ஏறி நின்னேன். முன்னெல்லாம் படம் எடுக்கக் கூப்பிட்டா யாராவது ஒருத்தர் தோளுக்குப் பின்னால போய் நிப்பேன். இந்தத் தடவை மாமா மகளுக்குப் பக்கத்துலயே நின்னேன். படத்துல ஜரிகைக் கரை நெஞ்சுல சாய்ஞ்சு ஓடுது, இடை தெரியுது, நான் நிமிர்ந்து நிக்கிறேன். மெரூன் பட்டும் என்னோட உருண்டை முகமும் சேர்ந்து ரொம்ப நல்லா இருக்கு. அதைச் சொல்ல இப்ப எனக்குத் தயக்கமே வரல.

பாடசாலைக்கு நானுஓயாக்காரி அக்கா சொன்ன மாதிரி ஒரு குட்டை கார்டிகன் எடுத்துட்டேன், சாம்பல் நிறம். ஒரு பொத்தான் மட்டும் போடுறேன்.

அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தாங்க. பிறகு மெதுவா, "எனக்கும் அந்த அக்காகிட்ட ஒரு சட்டை தைக்கலாமா?"ன்னு கேட்டாங்க. அம்மாவும் என் உடம்புவாகுதான். அக்கா, என்னோட அளவையே கொஞ்சம் கூட்டிக் குறைச்சுத் தைக்க முடியுமா? அம்மாவுக்கு லீவு கிடைக்கிறது கஷ்டம்.

ஊசிநூல்_ஹட்டன்:

படத்தைப் பார்த்தேன் தங்கச்சி. கண்ணு பட்டுரும், சுத்திப் போடச் சொல்லுங்க அம்மாவை.

உங்க அளவை வச்சு அம்மாவுக்குத் தைக்க மாட்டேன். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த கை மெத்துன்னு இருக்காது, மேல்கை இறுகி உருண்டு இருக்கும், முதுகு அகலம் கூடும். கூடைக் கயிறைத் தலையில மாட்டின கழுத்து முன்னால கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், அதனால முதுகுப் பக்கம் நீளம் கூட விடணும். இதெல்லாம் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டிய அளவு. வர்ற போயா (பௌர்ணமி லீவு) அன்னைக்கு அம்மாவுக்கு வேலை இருக்காதே, கூட்டிட்டு வாங்க. நான் கடையைத் திறந்து வைக்கிறேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச பழைய சட்டை ஒண்ணு இருந்தா அதையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல.